டெல்லியில ஸ்கூல் வேலை பாத்துக்கிட்டே பிஹெச்டி: எதை கேக்கறாங்க, எங்க மாட்டிப்போம்

எஜுகேஷனல் லீடர்ஷிப்ல டாக்டரேட் பண்ணணும், என்ன குவாலிபிகேஷன் வேணும்னு ஸ்கூல்ல வேலை பாக்கற நம்ம ஆளுங்க நெறைய பேர் என்கிட்ட கேக்கறாங்க. அதுக்கு நான் மொதல்ல சொல்றது, அந்தப் பேர போட்டு இந்தியாவுல தேடாதீங்க, ரொம்ப கொஞ்சம்தான் வரும். இங்க டிகிரி பேரு பிஹெச்டி இன் எஜுகேஷன், இல்லன்னா எஜுகேஷனல் பிளானிங் அட்மினிஸ்ட்ரேஷன்னு ஏதாவது இருக்கும், லீடர்ஷிப்ங்கறது உங்க ரிசர்ச் தலைப்புல வரணும் அவ்ளோதான். டெல்லில இருந்தா இதுக்கு நல்ல வாய்ப்பு, ஏன்னா டெல்லி யூனிவர்சிட்டியோட கல்வித் துறையான சிஐஇ இருக்கு (1947ல ஆரம்பிச்சது), ஜாமியால எஜுகேஷன் ஃபேக்கல்டி இருக்கு, ஜேஎன்யூல ஜாகிர் உசேன் சென்டர் இருக்கு, அம்பேத்கர் யூனிவர்சிட்டி இருக்கு, எல்லாத்துக்கும் மேல ஸ்ரீ அரபிந்தோ மார்க்ல என்சிஇஆர்டி கேம்பஸ்லயே நீபா இருக்கு. நீபா ஸ்கூல் நிர்வாகம், கல்வி திட்டமிடல் இதுக்குன்னே இருக்கற இன்ஸ்டிட்யூட், 1962ல யுனெஸ்கோ சென்டரா ஆரம்பிச்சு 2006ல டீம்டு யூனிவர்சிட்டி ஆச்சு, ஸ்கூல் லீடர்ஷிப்புக்குன்னு தனி நேஷனல் சென்டரே 2012ல இருந்து அங்க நடக்குது. ஆர்.கே. புரத்துல பாதி வாழ்க்கைய ஓட்டின நம்ம டீச்சர்ஸ் பல பேருக்கு, பக்கத்துலயே இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாது.

நான் இங்க ஒரு எய்டட் ஸ்கூல்ல கோஆர்டினேட்டரா இருக்கேன், ரொம்ப வருஷமா டீச்சிங், இப்ப வேலைய விடாம பார்ட் டைம்ல சேந்திருக்கேன். எங்க சேந்தேங்கறது முக்கியமில்ல, ஏன்னா ரூல் எல்லா எடத்துக்கும் யூஜிசி (யூனிவர்சிட்டி கிராண்ட்ஸ் கமிஷன்) போட்டதுதான், 2022 நவம்பர்ல வந்த ரெகுலேஷன். அத ஒரு தடவையாவது முழுசா படிச்சிடுங்க. வாட்சப்ல சுத்தற பாதி தகவல் அதுக்கு முன்னாடி இருந்த 2016 ரூல்ல இருந்து வர்றது, எம்ஃபில் பண்ணிட்டு வாங்கன்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கவங்க இருக்காங்க, எம்ஃபில்லே எடுத்தாச்சு.

மார்க் விஷயம் நேரா இருக்கு. மாஸ்டர்ஸ்ல 55 பர்சென்ட் வேணும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி நான் கிரீமி லேயர், மாற்றுத்திறனாளி, ஈடபிள்யூஎஸ் இவங்களுக்கு 5 பர்சென்ட் தளர்வு. நாலு வருஷ டிகிரி முடிச்சவங்க 75 பர்சென்ட் இருந்தா மாஸ்டர்ஸ் இல்லாமயே வரலாம், ஆனா நம்ம வயசு ஆளுங்களுக்கு அது பொருந்தாது. இதுல நம்மூர்க்காரங்க மாட்டற எடம் ரெண்டு. ஒண்ணு, அந்தக் காலத்துல ஊர்ல எம்ஏ இங்கிலீஷ், எம்ஏ ஹிஸ்டரியெல்லாம் படிச்சவங்களுக்கு மார்க்கே போட மாட்டாங்க, 53, 54ன்னு நிக்கும். என் கூட வேலை பாக்கற ஒரு அக்காவுக்கு 54.6. ரவுண்ட் பண்ணா 55தானேன்னு அவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நெட் எக்ஸாம் (யூஜிசியோட தகுதித் தேர்வு, பிஹெச்டி அட்மிஷனுக்கும் இப்ப அதுதான்) புல்லட்டின்லயே ரவுண்ட் ஆஃப் கிடையாதுன்னு போட்டிருக்கான், அதனால அந்தப் பேச்சே எடுபடாது. அவங்க இப்ப இக்னோல எம்ஏ எஜுகேஷன் பண்றாங்க, எனக்கு அது நல்ல முடிவாதான் தெரியுது. மார்க்கும் சரியாகும், சப்ஜெக்ட்டும் எஜுகேஷனாவே ஆயிடும், ஏன்னா சில டிபார்ட்மென்ட் எம்எட் இல்லன்னா எம்ஏ எஜுகேஷன் இருந்தாதான் உள்ளயே விடும், வேற சில எடத்துல சோஷியல் சயின்ஸ் மாஸ்டர்ஸ் போதும். இத ப்ராஸ்பெக்டஸ்ல வரிக்கு வரி பாத்துட்டுதான் பணம் கட்டணும்.

ரெண்டாவது எடம் கம்யூனிட்டி சர்டிபிகேட். நம்ம கையில இருக்கறது பிசி, எம்பிசின்னு போட்ட தமிழ்நாட்டு சர்டிபிகேட், அதுக்கு எக்ஸ்பயரியே கிடையாதுன்னு நெனச்சு அத ஸ்கேன் பண்ணி அப்லோட் பண்ணிடுவோம். சென்ட்ரல் யூனிவர்சிட்டிக்கு அது செல்லாது. சென்ட்ரல் ஃபார்மட்ல ஓபிசி நான் கிரீமி லேயர்னு தனியா வேணும், அது ஊர் தாசில்தார் ஆபீஸ் வழியா வரணும், பெரும்பாலும் நடப்பு நிதியாண்டுல வாங்கினதான்னு பாப்பாங்க. இ-சேவைல அப்ளை பண்ணிடலாம், ஆனா விஏஓ விசாரணைக்கு கூப்பிடும்போது ஊர்ல யாராவது இருக்கணும், நீங்க மயூர் விஹார்ல உக்காந்துக்கிட்டு போன்லயே முடிக்கலாம்னு பாத்தா இழுக்கும். பொங்கலுக்கோ சித்திரைக்கோ ஊருக்குப் போறப்பவே இத ஆரம்பிச்சு வெச்சிடறது புத்திசாலித்தனம். அட்மிஷன் நோட்டிஃபிகேஷன் வந்தப்புறம் ஆரம்பிச்சவங்க அழுதத நான் பாத்திருக்கேன்.

அடுத்தது எக்ஸாம். முன்னாடி ஒவ்வொரு யூனிவர்சிட்டியும் தனித்தனியா என்ட்ரன்ஸ் வெக்கும். 2024 ஜூன் சைக்கிள்ல இருந்து நெட் ஸ்கோரையே பிஹெச்டி அட்மிஷனுக்கு எடுத்துக்கலாம்னு ஆக்கிட்டாங்க. இப்ப நெட்ல மூணு கேட்டகிரி: ஜேஆர்எஃப் (ரிசர்ச்சுக்கு மாசாமாசம் உதவித்தொகை வர்றது), அசிஸ்டென்ட் புரொஃபசரும் பிஹெச்டியும், வெறும் பிஹெச்டி. ரெண்டாவது மூணாவதுல வந்தா நெட் மார்க்குக்கு 70, இன்டர்வியூக்கு 30, அந்த ஸ்கோர் பிஹெச்டி அட்மிஷனுக்கு ஒரு வருஷம்தான் செல்லும். இந்த ஒரு வருஷத்த லேசா எடுத்துக்காதீங்க, எழுதி பாஸ் பண்ணிட்டு என்ஓசி (ஸ்கூல் தர்ற ஆட்சேபணை இல்லைங்கற லெட்டர்) கெடைக்கலன்னு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டா மறுபடியும் உக்காந்து எழுதணும். ஜேஆர்எஃப்புக்கு 30 வயசு லிமிட் இருக்கு, மத்த ரெண்டுக்கும் வயசு வரம்பே இல்ல, நாப்பத தாண்டினவங்க தயங்க வேணாம்.

எஜுகேஷன் பேப்பர் கோட் 09. மொத பேப்பர் 50 கேள்வி 100 மார்க், ரெண்டாவது 100 கேள்வி 200 மார்க், சேத்து மூணு மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. கேள்வி இங்கிலீஷ், ஹிந்தி ரெண்டுலதான் வரும், தமிழ் மீடியத்துல பிஎட் படிச்சவங்க டெர்ம்ஸ மட்டுமாவது இங்கிலீஷ்ல பழகிக்கணும். இந்த சிலபஸ்ல ஒம்பதாவது யூனிட்தான் நம்ம யூனிட், மேனேஜ்மென்ட், அட்மினிஸ்ட்ரேஷன், லீடர்ஷிப். இத்தன வருஷம் ஸ்கூல நடத்தியிருக்கோமே, இது நமக்குத் தெரியாததான்னு தோணும். போய் பாத்தா எல்லாம் மேனேஜ்மென்ட் தியரி பேருங்க: போஸ்ட்கார்ப், பெர்ட், சிபிஎம், ஃபீட்லர் கன்டின்ஜென்சி மாடல், பிளேக் மூட்டன் கிரிட், டெமிங், அப்புறம் ஜப்பான்காரனோட போகா யோகே வேற. பிரேயருக்கு வராத டீச்சர எப்படி சமாளிக்கறதுங்கற நம்ம ஞானம் எதுக்கும் அங்க மார்க் கெடையாது. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த மாடல்களப் படிச்சப்புறம் எங்க பழைய பிரின்சிபால் ஏன் சில டீச்சர்ஸ்கிட்ட மட்டும் ஒரு மாதிரி நடந்துப்பாங்கன்னு புரிஞ்சது, லீடர் மெம்பர் எக்ஸ்சேஞ்ச் தியரின்னு அதுக்கு ஒரு பேரே வெச்சிருக்கான்.

டெல்லி டீச்சர்ஸுக்கு ஜூன் சைக்கிள் வசதி, மே பாதில இருந்து ஜூன் கடைசி வரைக்கும் ஸ்கூல் லீவு, படிக்க டைம் கெடைக்கும். ஆனா அந்த லீவுலதான் நாம எல்லாரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ஏறி ஊருக்குப் போவோம், கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம்னு ஒரு மாசம் ஓடிடும். நான் எழுதினது 2024ல. ஜூன் 18 எக்ஸாம் நடந்துச்சு, மறுநாளே கேன்சல்னு அறிவிப்பு, திரும்ப ஆகஸ்ட் 21ல இருந்து செப்டம்பர் 4 வரைக்கும் கம்ப்யூட்டர்ல வெச்சாங்க, அப்ப ஸ்கூல் ஃபுல் ஸ்விங்ல இருக்கு, யூனிட் டெஸ்ட் வேற. லீவு கேட்டு நின்னப்ப எதுக்குன்னு சொல்ல வேண்டி வந்துச்சு, அப்பதான் ஸ்கூலுக்கே நான் பிஹெச்டிக்கு ட்ரை பண்றது தெரிஞ்சது. அதுவும் நல்லதுக்குதான் ஆச்சு, ஏன்னா அடுத்த கட்டம் அவங்க கையிலதான் இருக்கு.

என்ஓசி. பார்ட் டைம்ல சேரணும்னா வேலை பாக்கற எடத்துல இருந்து லெட்டர் வேணும், அதுல மூணு விஷயம் இருக்கணும்னு ரெகுலேஷன் சொல்லுது: பார்ட் டைமா படிக்க அனுமதி தர்றோம், ரிசர்ச்சுக்கு நேரம் ஒதுக்கற அளவுக்கு இவங்க வேலை இருக்கு, தேவைப்பட்டா கோர்ஸ் வொர்க் (ரிசர்ச்சோட சேத்து கிளாஸுக்குப் போய் படிக்கற பேப்பர்கள்) முடிக்க வேலையில இருந்து விடுவிப்போம். மூணாவது வரியப் பாத்த உடனே மேனேஜ்மென்ட்டுக்கு வயித்த கலக்கும். மேடம் ஒரு வருஷம் லீவுல போயிடுவாங்க, சம்பளம் குடுத்துக்கிட்டே சப்ஸ்டிட்யூட் போடணும்னு அவங்களா கணக்குப் போட்டுக்கறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்கூல்ல "நோ அப்ஜெக்ஷன்"னு ஒத்த வரில லெட்டர் குடுத்து அனுப்பிட்டாங்க, அந்தப் பையன் இன்டர்வியூ வரைக்கும் போய் டாக்குமென்ட் வெரிஃபிகேஷன்ல நின்னான்.

நான் பண்ணது, லெட்டர நானே டிராஃப்ட் பண்ணி, கூடவே ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன்: கோர்ஸ் வொர்க் குறைஞ்சது 12 கிரெடிட், அது எந்த செமஸ்டர்ல வரும், வாரத்துல எந்த நாள் கிளாஸ் இருக்க வாய்ப்பு, என் பீரியட்ஸ யார் பாத்துப்பாங்க, போர்டு எக்ஸாம் சமயத்துல நான் இருப்பேனா. பாடத்துக்கு லெசன் பிளான் எழுதற மாதிரிதான் எழுதினேன். செக்ரட்டரி சார் ரொம்ப நாள் கழிச்சுதான் கூப்பிட்டார், கூப்பிட்டு "ஏம்மா, படிச்சு முடிச்சிட்டு வேற ஸ்கூலுக்கு பிரின்சிபாலா போயிடுவீங்களா"ன்னுதான் கேட்டார். "போகலாம் சார், ஆனா அதுக்கு ஆறு வருஷம் ஆகும்"னேன். சிரிச்சிட்டு கையெழுத்துப் போட்டார். இது எல்லாருக்கும் நடக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா அவங்க பயம் என்னன்னு கண்டுபிடிச்சு அதுக்கு பேப்பர்ல பதில் குடுத்தா பாதி வேலை முடிஞ்சிடும். கான்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கு இது கஷ்டம்தான், பார்ட் டைம் சீட்டுக்கு ரெகுலர் வேலை, இத்தன வருஷ அனுபவம்னு சில எடத்துல தனி கண்டிஷன் உண்டு, அதயும் ப்ராஸ்பெக்டஸ்ல பாத்துக்கோங்க.

இப்ப ப்ரொபோசல். உண்மையான அட்மிஷன் ரிக்கொயர்மென்ட் இதுதான்னு நான் சொல்வேன், மத்ததெல்லாம் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போறது. ஸ்கூல் ஆளுங்க நாம எழுதற ப்ரொபோசல் பெரும்பாலும் ஒரு புகாரா இருக்கும், இல்லன்னா ஒரு தீர்ப்பா இருக்கும். "தலைமைப் பண்பும் மாணவர் தேர்ச்சியும்", "நல்ல பிரின்சிபாலின் குணங்கள்" இந்த ரகம். முடிவு ஏற்கெனவே தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அதுக்கு 200 டீச்சர்ஸ்கிட்ட கூகுள் ஃபார்ம் அனுப்பறது. இந்த மாதிரி ப்ரொபோசல் பேனல் முன்னாடி அடுக்கடுக்கா வரும்போல, அவங்க முகத்துலயே தெரியுது.

எனக்கு மனசுல இருந்தது பேரன்ட்ஸ் மீட்டிங். ஆர்டிஇ (கல்வி உரிமை) சட்டம் 2009, செக்‌ஷன் 21 படி அரசு ஸ்கூல்லயும் எய்டட் ஸ்கூல்லயும் எஸ்எம்சி, அதாவது ஸ்கூல் மேனேஜ்மென்ட் கமிட்டி இருக்கணும், அதுல முக்கால்வாசி பேர் பேரன்ட்ஸா இருக்கணும், பாதி பேர் பெண்களா இருக்கணும். பேப்பர்ல எல்லாம் இருக்கு. மீட்டிங்ல பாத்தா வீட்டு வேலை செய்யற அம்மா, ஆட்டோ ஓட்டற அப்பா, எல்லாரும் கடைசி வரிசை சேர்ல உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க, ஹிந்தில பேசினாலும் சரி தமிழ்ல பேசினாலும் சரி. என் மொத டிராஃப்ட் தலைப்பு, பெற்றோர் ஈடுபாடு ஏன் குறைவு. அத எம்எட்ல எனக்கு எடுத்த புரொஃபசர் ஒருத்தங்க, இப்ப ரிட்டயர்டு, அவங்கக்கிட்ட காட்டினேன். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "குறைவுன்னு யார் சொன்னா? எத வெச்சு?" அப்புறம் மினிட்ஸ் ரெஜிஸ்டர் பாத்திருக்கியான்னு கேட்டாங்க. போய் பாத்தேன். பேரன்ட்ஸ் பேசியிருக்காங்க. டாய்லெட், தண்ணி, கேட் கிட்ட நாய், இதெல்லாம் ஒவ்வொரு மீட்டிங்லயும் யாரோ எழுப்பியிருக்காங்க, ஆனா அடுத்த மீட்டிங் அஜெண்டாவுல அது வரவே இல்ல. அஜெண்டாவ எழுதறது பிரின்சிபால். அப்ப கேள்வி பேரன்ட்ஸ பத்தி இல்ல, அஜெண்டாவ யார் எப்படி முடிவு பண்றாங்க, பேரன்ட் சொன்ன எந்த விஷயம் தீர்மானமா மாறுது, எது மாறாம போகுதுங்கறது. அது லீடர்ஷிப் கேள்வி. ரெஜிஸ்டர்ங்கற டேட்டா அலமாரியிலயே இருக்கு, மீட்டிங்ல உக்காந்து பாக்கலாம், ஹெட்மாஸ்டர்ஸ்கிட்ட பேசலாம். மூணு வருஷத்துல ஒரு ஆளால முடியற சைஸ்.

உங்க ஸ்கூல்லயும் இப்படி ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். லாக் புக்கோ, டிசி ரெஜிஸ்டரோ, டீச்சர் அப்சர்வேஷன் ஃபைலோ. அங்க இருந்து ஆரம்பிங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது. நிஷ்டான்னு மத்திய அரசு டீச்சர்ஸுக்கு நடத்தற ட்ரெயினிங்கோட சர்டிபிகேட் ஃபைல் ஃபைலா வெச்சிருக்கோம், அதெல்லாம் இன்டர்வியூல யாரும் திருப்பிக்கூடப் பாக்கல.

இன்டர்வியூல நாலஞ்சு பேர் இருந்தாங்க. பிரின்சிபாலாக பிஹெச்டி தேவையில்லையே, அப்புறம் ஏன்னு ஆரம்பிச்சாங்க. அது எல்லாருக்கும் வர்ற கேள்வி, ப்ரொமோஷனுக்குன்னு சொல்லாதீங்க, சமூகத்துக்கு சேவை செய்யன்னும் சொல்லாதீங்க, உங்க கேள்விக்கு நேரா போயிடுங்க. கோத்தாரி கமிஷன், 1986 பாலிசி, 2020 பாலிசி இதுல ஸ்கூல் நிர்வாகம் பத்தி என்ன சொல்லியிருக்குன்னு கேட்டாங்க. நான் தமிழ்ங்கறதால மும்மொழிக் கொள்கை பத்தி ஒருத்தர் சும்மா கிளறிப் பாத்தார், வாத்தியார் வீட்டுப் புள்ளைக்கு அதெல்லாம் புதுசா, 1968ல தமிழ்நாடு சட்டசபை இருமொழித் தீர்மானம் போட்டதுல இருந்து ஆரம்பிச்சேன், அவரே போதும்னுட்டார். கஷ்டமான கேள்வி ஒரு மேடம் கேட்டது: "உங்க ஸ்கூல்லயே ஸ்டடி பண்ணா, உங்களுக்குக் கீழ வேலை பாக்கற டீச்சர் உங்கக்கிட்ட உண்மைய சொல்வாங்களா? பேச மாட்டேன்னு சொல்ற தைரியம் அவங்களுக்கு இருக்குமா?" இதுக்கு தயாரா போகணும். வேலை பாக்கற எடத்துலயே ரிசர்ச் பண்ண நெனக்கற எல்லாருக்கும் இது வரும். நான் என் ஸ்கூல ஃபீல்டா எடுக்கல, வேற ஸ்கூல்கள்தான்னு சொன்னேன், அரசு ஸ்கூல்னா டைரக்டரேட் ஆஃப் எஜுகேஷன்ல பர்மிஷன் வாங்கணும்னு தெரியும்னும் சொன்னேன். தலைய ஆட்டினாங்க.

கைடு விஷயத்த நெறைய பேர் கடைசில யோசிக்கறாங்க. புரொஃபசர் 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4, இதுக்கு மேல ஒரே நேரத்துல பிஹெச்டி ஸ்காலர் வெச்சுக்க முடியாது, ரிட்டயர்மென்ட்டுக்கு மூணு வருஷத்துக்கும் கம்மியா இருக்கறவங்க புதுசா யாரையும் எடுக்க முடியாது. அதனால நெட்ல நல்ல மார்க் இருந்தும், உங்க தலைப்புக்கு ஆள் இல்லன்னா சீட் இல்ல. அப்ளை பண்றதுக்கு முன்னாடி அந்த டிபார்ட்மென்ட்ல யார் எதப் பத்தி எழுதியிருக்காங்கன்னு ரெண்டு மூணு பேப்பராவது படிச்சிட்டு, நாலு வரி மெயில் போடுங்க. ரெஸ்பெக்டட் சார்ல ஆரம்பிச்சு குலம் கோத்திரம் வரைக்கும் எழுத வேணாம்.

அமெரிக்கா பக்கம் எட்.டின்னு (டாக்டர் ஆஃப் எஜுகேஷன்) ஒண்ணு இருக்கு, எஜுகேஷனல் லீடர்ஷிப்னு பேரே போட்டு வர்றது அங்கதான் அதிகம். என் சித்தப்பா பொண்ணு டெக்ஸாஸ்ல ஸ்கூல்ல இருக்கா, அவ அப்ளை பண்ணப்ப கூடவே உக்காந்து பாத்தேன். மாஸ்டர்ஸ் டிகிரி, 3.0க்குப் பக்கத்துல ஜிபிஏ, ரெஸ்யூமே, ரெண்டு மூணு ரெக்கமென்டேஷன் லெட்டர், ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ், சில எடத்துல ரைட்டிங் சாம்பிள், நம்மூர் டிகிரின்னா கிரெடென்ஷியல் எவால்யுவேஷன், ஜிஆர்இங்கற என்ட்ரன்ஸ் எக்ஸாம பல எடத்துல எடுத்துட்டாங்க. அங்க வேலை அனுபவத்துக்கு நல்ல மதிப்பு, உங்க ஸ்கூல்ல இருக்கற ஒரு நிஜப் பிரச்சினையவே ஆய்வா எடுத்துக்கச் சொல்றான், வீக்கெண்ட் கிளாஸ், ஒரே பேட்ச்சா சேந்து முடிக்கறது. 2007ல இருந்து கார்னகி ப்ராஜெக்ட்னு ஒண்ணு இந்த டிகிரிய வேலை பாக்கறவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டு வருது. அவளுக்கு என்ஓசியும் இல்ல நெட்டும் இல்ல, ஃபீஸக் கேட்டா மட்டும் எனக்கு தல சுத்திச்சு.

அதப் பாத்துட்டு இங்க இருந்துக்கிட்டே ஆன்லைன்ல வெளிநாட்டு டாக்டரேட் வாங்கலாம்னு விளம்பரம் வருதேன்னு கேக்கறவங்களுக்கு: எட்டெக் கம்பெனிங்க வெளிநாட்டு யூனிவர்சிட்டியோட சேந்து விக்கற ஆன்லைன் பிஹெச்டிய யூஜிசி அங்கீகரிக்கறதில்லன்னு 2022 அக்டோபர்லயே யூஜிசியும் ஏஐசிடிஇயும் சேந்து நோட்டீஸ் போட்டாச்சு. ஹோட்டல் ஹால்ல அங்கி மாட்டிவிட்டு போட்டோ எடுத்துத் தர்ற கௌரவ டாக்டர் பட்டம் வேற கதை, நம்ம சங்க விழா நோட்டீஸ்ல பேருக்கு முன்னாடி போட்டுக்கலாம், ஸ்கூல் சர்வீஸ் ரெக்கார்டுல ஏறாது.

டைம் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், பொண்ணுங்களுக்கு முக்கியமா. குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்ல இன்னும் 2. பெண்களுக்கும், 40 பர்சென்ட்டுக்கு மேல ஊனம் இருக்கறவங்களுக்கும் இன்னொரு 2 வருஷம், மொத்தம் 10 தாண்டக் கூடாது. பிரசவம், குழந்தை பாத்துக்கறதுக்கு 240 நாள் வரைக்கும் லீவும் இருக்கு. மாமியார் வீட்டுல "எப்ப முடியும்"னு கேட்டா 6ன்னு சொல்லி வைங்க, 3ன்னு சொன்னீங்கன்னா நாலாவது வருஷத்துல இருந்து ஒவ்வொரு விசேஷத்துலயும் பதில் சொல்லணும். கோர்ஸ் வொர்க் நடக்கற செமஸ்டர்தான் வேலை பாக்கறவங்களுக்கு கஷ்டம், பார்ட் டைம்னாலும் கிளாஸுக்கு நேர்லதான் போகணும், ரிசர்ச் எதிக்ஸ் பேப்பர் கட்டாயம், 55 பர்சென்ட் எடுக்கணும். டிஏ, பிராவிடன்ட் ஃபண்ட், குழந்தைங்க ஸ்கூல் ஃபீஸ் எல்லாத்தையும் பாத்துட்டு அந்த செமஸ்டர் ஹாஃப் பேயா, லீவா, பீரியட் அட்ஜஸ்ட்மென்ட்டான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே ஸ்கூல்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க, சேந்தப்புறம் கேட்டா வாயாலதான் பதில் வரும்.